எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயில் பத்து தீகா நிலையத்தைத் தாண்டியதும் தங்கமணி கைப்பையைத் திறப்பாள். சம்பளம் வந்த மறுநாள் காலையில் மட்டும்தான் இது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியை மடியில் வைத்து, பங்கு விலை ஓடுகிற இடத்தை இடது கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். ஏறினால் அங்கே பச்சை தெரியும், இறங்கினால் சிவப்பு. இரண்டையும் அவள் பார்ப்பதில்லை. வலது கை விரலால் தொகையை அடிப்பாள், 'வாங்கு' என்பதை அமுக்குவாள், கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போடுவாள். சுபாங் ஜெயா வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பேரப்பிள்ளைக்கு ஏதோ செய்தி அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எதற்கு விரலால் மூடுகிறாய் என்று அவள் புருசன் கன்னையா ஒருமுறை கேட்டார். "பாத்தா கை நடுங்கும். நடுங்குற கையோட போயி ஊசி கோக்க முடியுமா?" என்றாள்.

ஊசி கோக்கிற இடம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். சேலைக்கடை ஒன்றின் பின்பக்கம், சுவரை ஒட்டிப் போட்டிருக்கும் தையல் இயந்திரம் அவளுடையது. ரவிக்கை தைப்பாள், பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்குவாள், சேலைக்கு ஓரம் அடிப்பாள். வயது ஐம்பத்தேழு. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே நாள் முழுதும் பேசுவாள். ஒன்றுகூட இதுவரை உள்ளே போனதில்லை. யார் ரவிக்கையானாலும் உள்மடிப்பில் இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். "நான் ஒல்லிதானே ஆன்டி, நல்லா டைட்டா தைங்க" என்று வரும் கல்யாணப் பெண்களிடம், "வெளிய டைட்டாத்தான் இருக்கும் கண்ணு. உள்ள துணி இருக்கும். புள்ள பொறந்த பொறவு நீயே என்னயத் தேடி வருவ லா" என்பாள். வந்துமிருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாடு எதிர்ச்சந்துக் கடையில். குழம்பும் பொரியலும் வறுவலும் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். சோற்றைப் போட்டுக்கொண்டு வேண்டியதைக் காட்டினால் அள்ளி வைப்பார்கள்.

"கோழி வைக்கவாக்கா, மீனு வைக்கவா?"

"கொஞ்சம் கொஞ்சம் வையி."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

கடைக்காரி கரண்டியை நிறுத்திவிட்டு, "இத்தன வருசமா சாப்புடுறீங்க, எது நல்லா இருக்கும்னு இன்னும் தெரியலையா ஒங்களுக்கு?" என்பாள்.

"நேத்து நல்லா இருந்த மீனு இன்னைக்கு உப்புக் கரிக்குது. எவ கண்டா?"

சொந்தக்காரர்கள் அவளைக் கிண்டல் பண்ணுவது அவள் பெயரை வைத்துத்தான். தாலிக்கொடியும் ஒரு ஜோடித் தோடும் தவிர அவளிடம் நகை கிடையாது. கிள்ளானில் கல்யாணம் காட்சி என்றால் சொந்தக்காரப் பெண்கள் கழுத்தும் கையும் நிறைந்து வருவார்கள். தங்கமணி மட்டும் மொட்டையாக வருவாள். "பேருதான் தங்கமணி, ஒடம்புல பொட்டுத் தங்கம் இல்ல" என்பார்கள். "பேருலயே வச்சிருக்கேன், கழுத்துல வேற எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விடுவாள்.

இன்னார் மகள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளைப் புரிந்துகொள்ள முடியாது. கிள்ளானில் பழைய ஆட்களைக் கேட்டால் பக்கிரிசாமியின் மூத்த மகள் என்பார்கள். எந்தப் பக்கிரிசாமி என்றால், கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "நம்பர் பக்கிரிசாமி" என்பார்கள். பக்கிரிசாமிக்கு உடன்பிறந்தவள் இராஜம்மா, காஜாங்கில் வாழ்க்கைப்பட்டவள். இராஜம்மாவின் நாத்தனார் மகனைத்தான் கன்னையாவின் அக்காள் கட்டினாள். அந்தத் தொட்டுத் தொடர்ந்த உறவில்தான் லோரி ஓட்டிக்கொண்டிருந்த கன்னையா தங்கமணியைப் பெண் பார்க்க வந்தார். வரும்போதே இராஜம்மா எச்சரித்துத்தான் அனுப்பினாள்: "பொண்ணு தங்கம். அப்பன்கிட்ட மட்டும் ஒன் லோரி நம்பரச் சொல்லிறாத."

பக்கிரிசாமி குடிக்காதவர், கை நீட்டாதவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து நாலு பேரைக் காப்பாற்றியவர். நாலு இலக்க நம்பர் லாட்டரி ஒன்றுதான் அவரைப் பிடித்து ஆட்டியது. ஒரு நம்பர் மனதில் பட்டால், அதை எப்படியெல்லாம் புரட்டிப் போட முடியுமோ அத்தனையும் வாங்குவதற்குப் 'பாக்ஸ்' என்று பெயர். பக்கிரிசாமி எப்போதும் பாக்ஸ்தான். சீட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டு, "எல்லாத்தையும் வாங்கிட்டேன் புள்ள. எந்தப் பக்கம் திரும்புனாலும் அடிக்கும்" என்று மனைவியிடம் சொல்வார். அடிக்கவில்லை. கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் சொந்த வீட்டுக்கென்று சேர்த்திருந்த முன்பணம் போனது. கடைசிப் பையன் லோகன் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நம்பர் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸைக்கூட அவர்கள் அம்மா 'பச்சை பஸ்', 'நீலக் கோடு பஸ்' என்றுதான் சொல்லுவார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் எல்லாக் கம்பெனியையும் வாங்குகிறவளாக ஆனதற்குச் சுதர்சினி காரணம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவள், வங்கியில் பெரிய வேலை. ஒரு நாள் அளவு எடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவளிடம் தங்கமணி, வாய் நிறைய ஊசியோடு கேட்டாள்:

"மிஸ், எந்தக் கம்பெனி ஷேரு நல்லா வரும்?"

"தெரியாது அக்கா."

"பேங்க்ல வேல செய்றீங்க, தெரியாதுங்கறீங்க?"

"ஓம் அக்கா, உண்மையாத்தான். எனக்கும் தெரியாது, என்ட மேனேஜருக்கும் தெரியாது. அவர் தெரிஞ்ச மாதிரி டை கட்டியிருக்கிறார். அதனாலதான் நான் எல்லாத்தையும் வாங்குறன். இண்டெக்ஸ் ஃபண்ட் எண்டு இருக்கு. உலகத்தில இருக்கிற பெரிய கம்பெனி எல்லாத்திலயும் கொஞ்சம் கொஞ்சம். எது நல்லா வரும் எண்டு யோசிக்க ஆள் வைக்கிறதில்ல, அதால கூலியும் கொஞ்சம்தான்."

தங்கமணிக்கு அந்த நேரம் ஊசி கைக்கு வரவில்லை. 'எல்லாத்தையும் வாங்குறன்' என்ற சொல் அவளுக்கு அப்பாவின் சட்டைப்பைச் சத்தமாகக் கேட்டது. சரி மிஸ் என்று சொல்லிவிட்டு ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தாள். இரண்டு வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த இரண்டு வருடமும் அவள் காசு விஜயனிடம் இருந்தது. விஜயன் கன்னையாவின் தம்பி, யூனிட் டிரஸ்ட் ஏஜென்ட்; பலர் காசைச் சேர்த்து ஷேரில் போடும் திட்டத்துக்கு ஆள் பிடிப்பவன். தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு வந்தால் கூடவே படிவமும் வரும். நூறு வெள்ளி போட்டால் ஐந்து வெள்ளிக்கு மேல் முதலிலேயே கழியும். அதற்குப் பிறகு வருடா வருடம் ஒரு கழிவு. கழிவு எவ்வளவு என்று தங்கமணி ஒரு நாள் வாய் விட்டுக் கேட்டாள். விஜயன் சிரித்து, "அதெல்லாம் உள்ளுக்குள்ளயே ஓடும் அண்ணி, ஒங்களுக்குத் தெரியாது" என்றான்.

அவள் தொழிலில் அது ஒட்டாத பேச்சு. "துணியக் கண்ணால பாக்குறதுக்கு முன்ன தையக்கூலி வாங்கிக்கிறான். சட்ட பொருந்தலன்னாலும் வருசா வருசம் கூலி. நான் இப்படித் தச்சா கடையில வச்சிருப்பாங்களா?" என்று கன்னையாவிடம் சொன்னாள். விஜயனிடமிருந்து காசை எடுத்தாள். அந்தத் தீபாவளியிலிருந்து விஜயன் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கன்னையாவுக்கு அதில் மனத்தாங்கல்தான், வெளியே சொல்வதில்லை.

சுதர்சினி சொன்னது ரயில் இறங்கி நடக்கும்போதுதான் தங்கமணிக்கு ஒரு வழியாகப் பிடிபட்டது. கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி அங்காடிக் கட்டடத்துக்குள் புகுந்துதான் தினமும் வேலைக்கு வருவாள். ஒரு நாள் ஒரு கடை இழுத்து மூடியிருக்கும், முன்னால் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் வேறு பெயரில் விளக்கு எரியும். செருப்பு, சப்பாத்து விற்கிற கடை போய் டீக்கடை வரும், டீக்கடை போய் மூக்குக்கண்ணாடிக் கடை வரும். கட்டடம் மட்டும் என்றைக்கும் நிறைந்தே இருக்கும். "கடைய வாங்குனா பயம்தான். கட்டடத்த வாங்குனா?" என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். அந்த வாரமே சுதர்சினியிடம் கைப்பேசியை நீட்டி, "எப்படின்னு காட்டுங்க மிஸ்" என்றாள்.

இப்படி அவள் பாட்டுக்கு ரயிலில் விரலை வைத்து மூடிக்கொண்டு வாங்கி வந்திருப்பாள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. தம்பி லோகனின் மனைவி அமுதவள்ளி இறந்ததில்தான் வேறு பொறுப்பு வந்து சேர்ந்தது. அமுதவள்ளி காய்ச்சல் என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், திரும்பி வரவில்லை. மகள் ஜனகாவுக்கு அப்போது ஆறு வயது. இன்சூரன்ஸ் காசு வந்தது. லோகன் அதை அக்காவிடம் கொண்டுவந்து வைத்தான். "என் கையில இருந்தா கரஞ்சிரும்க்கா. பாப்பா காலேஜ் போற வரைக்கும் நீ வச்சிரு. நீ என்னா செஞ்சாலும் சரி" என்றான். தங்கமணி ஒரு வருடம் அதை வங்கியில் பிக்ஸட்டில் போட்டாள். பிறகு ஒரு பாதியை அங்கேயே விட்டு, மறுபாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தன் காசு போகிற இடத்திலேயே தனிப் பெயரில் போட்டாள். கைப்பேசியில் அந்தக் கணக்குக்கு 'ஜனகா படிப்பு' என்று பெயர் அடித்தாள். லோகனிடம் சொல்லவும் செய்தாள். அவன் கிரேன் வேலை முடிந்து வந்த அசதியில், சரிக்கா சரிக்கா என்று தலையாட்டினான். காதில் விழுந்ததா என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் மாதம் அமெரிக்காக்காரன் வரி போடப் போகிறான் என்று செய்தி வந்து, உலகம் முழுதும் பங்கு விலை விழுந்தது. தங்கமணி அந்த மாதமும் விரலால் மூடிக்கொண்டு வாங்கினாள். அதே வாரத்தில் பண்டமாரான் கோப்பிக்கடையில் யாரோ கன்னையாவிடம், ஒன் சம்சாரம் சம்பளத்த என்னாதான் பண்ணுது, நகைநட்டுகூட இல்லியே என்று சீண்டியிருக்கிறார்கள். கன்னையா ரோசத்தோடு, "அது மாசாமாசம் இண்டெக்ஸ் வாங்குது" என்றார்.

பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் கட்டித் தரச் சொல்லிக் காத்திருந்தவர் மார்க்கிரட் ஆன்டி. தங்கமணியின் பக்கத்து வீடு, எழுபது வயது, தேவாலயத்துப் பாடல் குழுவில் முதல் வரிசை. அன்றைக்குச் சாயங்காலம் தமிழ்ச் செய்தியில் கோலாலம்பூர் பங்குச் சந்தையின் இண்டெக்ஸ் குறியீட்டைப் படித்தார்கள். நாலு இலக்கம். மார்க்கிரட் ஆன்டி தொலைக்காட்சியைப் பார்த்தார், தங்கமணி வீட்டுச் சுவரைப் பார்த்தார், பேனாவைத் தேடினார். சனிக்கிழமை நம்பர் ஆட்டத்தில் அவர் வாங்கிய அந்த நாலு இலக்கத்துக்கு ஆறுதல் பரிசு விழுந்தது.

அன்று இரவே கேக் பெட்டியோடு வந்துவிட்டார்.

"தங்கம், ஒன் இண்டெக்ஸ் அடிச்சிருச்சு லா!"

"என் இண்டெக்ஸா?"

"கள்ளி. வாயத் தொறந்தியா இத்தன நாளு? பக்கத்து வீடுதானே, ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"ஐயோ ஆன்டி, அது நம்பர் இல்ல. நான் வாங்குறது அந்த இண்டெக்ஸே இல்ல. இது உலகத்துக் கம்பெனி எல்லாம்."

மார்க்கிரட் ஆன்டி கண்ணை அகல விரித்தார். "உலக நம்பரா? எத்தன டிஜிட்?"

மறு வாரம் வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. பாசாருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "அக்கா, இந்த வாரம் இண்டெக்ஸ் எறங்குமா ஏறுமா?" என்று கேட்டார்கள். மீன்காரர் ஒரு மாவலாசியை இனாமாகக் கொடுத்துவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுவந்தார். தங்கமணி மீனுக்குக் காசைக் கையில் திணித்து அனுப்பினாள். கன்னையா கோப்பிக்கடையை மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோகன் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினான். தங்கமணி மேசையில் வெட்டு வேலையில் இருந்தாள். யாரோ ஒரு மணப்பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணி, கைத்துண்டு, முதுகுத்துண்டு என்று அடுக்கி, காற்றாடிக் காற்றில் பறக்காமல் இரும்புக் கத்திரிக்கோலை மேலே வைத்திருந்தாள்.

"பசியாறிட்டியாடா? பாப்பா எங்க?"

"பசியாற வரல." தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றான். "மார்க்கிரட் ஆன்டிக்கு நம்பர் குடுத்தியாமே."

"நான் எங்கடா குடுத்தேன்? அது டிவியப் பாத்து எடுத்துருக்கு."

"போர்ட்ல கப்பல் எறக்குறவனுங்க பேசிக்கிறானுங்க. பக்கிரிசாமி மகதானே, ரத்தத்துலயே இருக்குன்னு. என் காதுபடவே சொல்றானுங்க." தலைக்கவசத்தைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "நீ இண்டெக்ஸ் வாங்குறியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"வாங்குறேன்."

"அமுதா காசுலயா?"

"பாதிக்கு. ஒங்கிட்ட சொன்னேனே."

"எங்கிட்ட ஷேருன்னு என்னமோ சொன்ன. இண்டெக்ஸ்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. கம்பெனி."

"எந்தக் கம்பெனி?"

"எல்லாக் கம்பெனியும். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். ஒண்ணு எறங்குனா இன்னொண்ணு..."

வாயிலிருந்து சொல் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. லோகன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு சட்டைப்பையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"எல்லாத்தையும் வாங்கிட்டேன் புள்ள," என்றான், அப்பா குரலில். "எந்தப் பக்கம் திரும்புனாலும் அடிக்கும்."

சமையல் கட்டிலிருந்து கோப்பியோடு வந்த கன்னையா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

தங்கமணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை, கோபப்பட்டால் நூல் அறுந்துபோகும் என்பதுபோல மெதுவாகப் பேசினாள். "எனக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு. ரெண்டு வருசம் கிட்டயே போகல. அப்பா வாங்குனது சீட்டு. ஆட்டம் முடிஞ்சா அத்தனையும் குப்ப. இது கம்பெனி. நாளைக்கும் கதவத் தொறப்பான், சாமான் விப்பான். ஒருத்தன் மூடுனாலும் பக்கத்துக்காரன் தொறந்திருப்பான்."

"இப்ப எவ்ளோ இருக்கு?"

"போட்டதவிடக் கொறவாத்தான் இருக்கு."

"எவ்ளோ கொறவு?"

"நூத்துக்குப் பன்னெண்டு."

கன்னையா இருமினார். அந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்பது அந்த இருமலுக்கு அர்த்தம். தங்கமணி அவர் பக்கம் திரும்பவில்லை.

"பாப்பாவுக்கு எட்டு வயசுதான்டா ஆகுது. காலேஜுக்கு இன்னும் பத்து வருசம் கெடக்கு. இப்ப வித்தா அந்தக் கொறவு நெசமாயிரும்."

"போர்ட்ல இந்த மாசம் கப்பலே கம்மி. ஓவர்டைம் இல்ல. அது உனக்குத் தெரியுமா?" லோகன் மேசைமேல் கையை ஊன்றினான். "அவ உசுருக்குக் குடுத்த காசுக்கா அது. வித்துரு."

கன்னையா, "மச்சான், கொஞ்சம் பொறு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் தங்கமணி. "அவன் காசு. அவன் மகக் காசு." கைப்பேசியைத் திறந்து, 'ஜனகா படிப்பு' என்ற இடத்துக்குப் போய், மேசையில் லோகன் பக்கம் தள்ளினாள். "விக்கிறதுன்னா வித்துருவோம். ஆனா நான் அமுக்க மாட்டேன்டா. நீயே அமுக்கு. சிவப்பா எழுதியிருக்கு பாரு, அதான் விக்கிறது. மேல தள்ளிப் பாத்தா என்னென்ன கம்பெனின்னு இருக்கும். பாத்துட்டு அமுக்கு."

லோகன் விரலால் மேலே தள்ளினான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். ஆனால் கப்பலில் வரும் பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் பெயர்களை அவன் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். கிரேனில் உட்கார்ந்து அவற்றைத்தான் நாள் முழுதும் தூக்கி அடுக்குகிறான். விரல் ஓர் இடத்தில் நின்றது. இன்னும் தள்ளினான். மறுபடியும் நின்றது.

"இந்தச் சப்பாத்துக் கம்பெனி பொட்டி வெள்ளிக்கிழம நான் எறக்குனது," என்றான், யாரிடமும் சொல்லாததுபோல. "இந்தச் சவுக்காரக் கம்பெனி கூட." இன்னும் கீழே போனான். "இவனுமா?"

"எல்லாரும் இருப்பாங்க," என்றாள் தங்கமணி.

அவன் திரும்ப மேலே வந்தான். மூச்சை இழுத்துச் சிவப்பு எழுத்தை அமுக்கினான். திரை மாறியது. உறுதி செய்ய ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அடிக்கவும் என்று வந்தது. பக்கத்தில் வினாடி குறைந்துகொண்டே ஓடியது. செய்தி வருவது தங்கமணியின் பழைய பட்டன் போனுக்கு. அது ஜன்னலோரத்தில் கிணுங்கியது. அவள் எழுந்து போய் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

"மூணு."

லோகன் விரலைத் திரைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான்.

"எட்டு. சைபர். ஒண்ணு."

அந்தக் குடும்பத்தில் ஒருவர் இப்படி எண்ணை ஒவ்வொன்றாக வாய் விட்டுப் படித்து, இன்னொருவர் மூச்சை அடக்கிக் கேட்டது பக்கிரிசாமி இருந்த காலத்தில்தான். முடிவு வந்த பத்திரிகையை அவர் படிப்பார். பிள்ளைகள் சுவரோரம் நிற்பார்கள். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அஞ்சு. கடைசி ஏழு. அடிச்சிட்டியா?"

அவன் அடிக்கவில்லை. திரை மங்கியது. தங்கமணி எட்டி, தன் விரலால் ஒரு தட்டுத் தட்டி அதை வெளிச்சமாக்கினாள். மறுபடியும் மங்கியது. மறுபடியும் தட்டினாள். வினாடி ஓடி முடிந்து, நேரம் கடந்துவிட்டது என்று எழுத்து வந்தது. கன்னையா கையில் இருந்த கோப்பியைத் தாமே ஒரு வாய் குடித்தார்.

"முடிஞ்சிருச்சு," என்றான் லோகன்.

"முடியலடா. திரும்ப அனுப்பச் சொல்லலாம்." யாரும் கேட்காமலே அவள் குனிந்து 'மறுபடி அனுப்பு' என்பதை அமுக்கினாள். கைப்பேசியை அவன் கைக்கு நேராகத் திருப்பி வைத்தாள். "இந்தத் தடவ மெதுவா சொல்றேன்."

பட்டன் போன் கிணுங்கியது. தங்கமணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒம்போது," என்றாள்.

லோகன் வெளிச்சமாக இருந்த கைப்பேசியை எடுத்தான். எண்ணை அடிக்காமலே, பட்டுத் துணி அடுக்கின் மேல் அதைக் குப்புறக் கவிழ்த்து, இரும்புக் கத்திரிக்கோலைத் தூக்கி அதன்மேல் வைத்தான்.